வீட்டு நீச்சல் குளத்தின் பழைய பம்ப், ஃபில்டர், விளக்கு: எதை மாற்றுவது, எப்படி மாற்றுவது

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.), உத்தண்டி தாண்டி இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு சின்ன நீச்சல் குளம் உண்டு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம். 2009-ல் கட்டியது. பத்து வருடம் பெரிய தொந்தரவு எதுவும் தரவில்லை, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் படுத்துவிட்டது. பம்ப் ஒழுகியது, தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடினாலும் கலங்கலாகவே இருந்தது, விளக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. நானும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கடைக்குப் போய், பழையது முக்கால் எச்.பி., தண்ணீர் தெளிய மாட்டேன் என்கிறது என்றேன். "அப்ப ஒன்றரை எச்.பி. போட்டுடுங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார்கள். போட்டேன். ஆறு மாதத்தில் ஃபில்டர் உடைந்து, அதற்குள் இருந்த மணல் குளத்தின் தரை முழுக்க.

மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் குழாயின் அளவை யாராலும் லேசில் மாற்ற முடியாது. டைல்ஸை உடைக்க வேண்டும், தரையைத் தோண்ட வேண்டும். ஆகவே குளத்தில் எஜமான் அந்தக் குழாய்தான். பம்ப், ஃபில்டர், வால்வு எல்லாம் அதற்கு அடங்கித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு இரண்டாவது தடவை பணம் கட்டும்போதுதான் புரிந்தது. நான் கட்டிய பணம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று, எங்கள் பம்ப் ரூமில் செய்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்

பம்ப் ரூமில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையில் போன், ஒரு மார்க்கர் பேனா, இஞ்ச் டேப். பம்ப் மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எச்.பி., ஆம்பியர், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கடலோர வீடு என்றால் தகடு துருப்பிடித்து எழுத்து போயிருக்கும், லேசாகத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டுச் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், பாதியாவது தெரியும். ஃபில்டர் தொட்டியின் குறுக்களவையும் குழாயின் வெளி விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். இங்கே வீட்டுக் குளங்களில் பெரும்பாலும் 50 மி.மீ. அல்லது 63 மி.மீ. பி.வி.சி. குழாய்தான் இருக்கும், ஆனால் இஞ்ச் கணக்கில் வரும் குழாயும் இருக்கிறது. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், ஒன்றின் பிட்டிங் இன்னொன்றில் உட்காராது. "ரெண்டு இஞ்ச்தான் சார்" என்று பிளம்பர் கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள், ஒரு துண்டுக் குழாயைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதுதான் பாதுகாப்பு.

அப்புறம் வால்வுகள். எது ஸ்கிம்மரிலிருந்து (நீர்மட்டத்தில் மிதக்கும் குப்பையை இழுக்கும் வாய்) வருவது, எது அடி வடிகாலிலிருந்து வருவது, எது குளத்துக்குத் திரும்பிப் போவது என்று ஒவ்வொன்றாக மூடித் திறந்து பார்த்து, மார்க்கரால் குழாய் மேலேயே எழுதிவிடுங்கள். நாளைக்கு வேலை நடக்கும்போது, குளத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஊருக்குப் போயிருப்பார், வேறு யாருக்கும் எது எங்கே போகிறது என்று தெரியாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

கடைசியாக, ஃபில்டரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ். பேக்வாஷ் (ஃபில்டருக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கை வெளியேற்றுவது) செய்து முடித்த கையோடு அது காட்டும் எண்ணை எழுதிவையுங்கள். பம்ப் ஓடும்போதும் நிறுத்திய பிறகும் முள் ஒரே இடத்தில் நின்றால் கேஜ் செத்துவிட்டது என்று அர்த்தம். இந்த மொத்த அறையிலேயே விலை குறைந்த பொருள் அதுதான், முதலில் அதை மாற்றுங்கள். அது இல்லாமல் மற்ற எதையும் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது.

மாற்ற வேண்டுமா, பழுது பார்த்தால் போதுமா

விற்பவர்கள் மாற்றத்தான் சொல்வார்கள், மெக்கானிக்குகள் பழுது பார்க்கத்தான் சொல்வார்கள். நாம்தான் நடுவில் நின்று பார்க்க வேண்டும்.

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. சீலை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஒழுகலை மாதக்கணக்கில் விட்டிருந்தால் தண்ணீர் மோட்டாரின் முன் பேரிங்குக்குள் போயிருக்கும், அப்போது சீலோடு பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்விட்ச் போட்டதும் "ம்ம்ம்" என்று உறுமிவிட்டு மோட்டார் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர், அரை மணி நேர வேலை. குளத்துக்குத் திரும்பும் வாயில் காற்றுக் குமிழ் வந்தால், பம்பின் முன் கூடை மூடியில் இருக்கும் ஓ-ரிங்கைப் பாருங்கள், அது தட்டையாகிப் போயிருக்கும். அதை மாற்றும்போது சிலிக்கான் கிரீஸ் மட்டுமே தடவுங்கள், வாசலினும் வண்டிக்குப் போடுகிற கிரீஸும் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

மோட்டார் காயில் கருகினால்? நம் ஊரில் ரீவைண்டிங் கடை இல்லாத தெரு இல்லை, புது மோட்டார் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். என் கருத்து, ஒரு தடவை ரீவைண்டிங் செய்யலாம், அதுவும் ஷாஃப்ட் அரிக்காமலும் பேரிங் உட்காரும் இடம் தேயாமலும் இருந்தால் மட்டும். இரண்டாவது தடவை கருகினால் குற்றம் மோட்டாரில் இருக்காது. வோல்டேஜ் குறைவாக வருகிறது, அல்லது தலைக்கு மீறிய வேலையை அந்த மோட்டார் செய்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை மோட்டார் மாற்றினாலும் கருகும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பம்ப் பழுதானதும், வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோனோபிளாக் ஒன்றை மாட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் ஓடும்தான். ஆனால் அது இரும்பு வார்ப்பு, குளோரின் தண்ணீரில் துருப்பிடித்து டைல்ஸ் முழுக்கக் காவிக் கறை படியும், முடியையும் இலையையும் பிடிக்கும் கூடையும் அதில் கிடையாது.

ஃபில்டர் தொட்டியைப் பொறுத்தவரை, ஃபைபர் உடம்பில் விரிசல் தெரிந்தால் ஒட்டுப்போடும் வேலையே வேண்டாம். அது அழுத்தத்தில் இருக்கும் பாத்திரம், வெடித்தால் மூடி தலை உயரத்துக்குப் பறக்கும். உடம்பு நன்றாக இருந்தால் மணலையும் உள்ளிருக்கும் குழாய்களையும் மட்டும் மாற்றலாம்.

அளவுக் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எங்கள் குளத்தையே எடுத்துக்கொள்கிறேன். 8 பெருக்கல் 4 பெருக்கல் 1.4, மொத்தம் 44.8 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 45,000 லிட்டர். வீட்டுக் குளத்தின் தண்ணீர் முழுவதும் 6 மணி நேரத்தில் ஒரு தடவை ஃபில்டர் வழியாகச் சுற்றி வந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. 45-ஐ 6-ஆல் வகுத்தால் மணிக்கு 7.5 கன மீட்டர். நமக்குத் தேவை அவ்வளவுதான்.

இப்போது குழாயைக் கேளுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 50 மி.மீ. குழாயின் உள் விட்டம் 45 மி.மீ. என்று வைத்தால், அந்த வேகத்தில் மணிக்கு 8.5 கன மீட்டர் வரும். 63 மி.மீ. குழாயில் 13-க்கும் மேல் வரும். எங்களுடையது 50.

அடுத்து ஃபில்டர். மணல் ஃபில்டரில் ஒரு சதுர மீட்டர் மணல் பரப்புக்கு மணிக்கு 30 முதல் 50 கன மீட்டர் வரை விடலாம், குறைவாக விட்டால் தண்ணீர் நன்றாக வடிகட்டப்படும். 500 மி.மீ. தொட்டியின் பரப்பு 0.196 சதுர மீட்டர். 40 வீதம் போட்டால் மணிக்கு 8 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 7.5, 8.5, 8. கட்டியவர் கணக்குத் தெரிந்துதான் முக்கால் எச்.பி. வைத்திருக்கிறார்! அதில் நான் ஒன்றரை எச்.பி.யைக் கொண்டு போய் மாட்டினேன். மணலைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் வழி உண்டாக்கி அழுக்கோடு நேராகக் குளத்துக்கே போனது, உறிஞ்சும் பக்கம் தண்ணீர் போதாமல் பம்புக்குள் கூழாங்கல் உருள்வது மாதிரி சத்தம் வந்தது, கடைசியில் ஃபில்டரின் அடியில் இருந்த லேட்டரல்கள், அதாவது மணலைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சின்னக் குழாய்கள், உடைந்தன. முதலில் தண்ணீர் கலங்கியதற்குக் காரணம் பம்பே இல்லை, பத்து வருட மணல்.

அப்படியானால் ஃபில்டரையாவது பெரிதாக்கலாமே என்று தோன்றும். பெரிய ஃபில்டர் நல்லதுதான், ஆனால் பேக்வாஷ் செய்யும்போது மணல் படுக்கையைத் தூக்கிக் கலக்க அதற்கேற்ற தண்ணீர் வேண்டும். 600 மி.மீ. தொட்டிக்கு மணிக்கு 12 கன மீட்டராவது இல்லாவிட்டால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். சின்ன பம்போடு ரொம்பப் பெரிய ஃபில்டரைச் சேர்ப்பதும் தப்பு.

பம்ப் வாங்கும்போது எச்.பி.யை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். "10 மீட்டர் ஹெட்டில் மணிக்கு எத்தனை கன மீட்டர் தரும்" என்று கேளுங்கள், பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். ஹெட் என்பது பம்ப் தாண்ட வேண்டிய மொத்த எதிர்ப்பு, வீட்டுக் குளத்தில் அது பெரும்பாலும் 8 முதல் 12 மீட்டருக்குள் வரும். கடைக்காரருக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை என்றால் கடையை மாற்றுங்கள்.

கரண்ட் பில்லும் இதில்தான் இருக்கிறது. ஒன்றரை எச்.பி. பம்ப் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும். தினமும் 7 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 600 யூனிட்டுக்கு மேல் அது மட்டுமே. முக்கால் எச்.பி. அதில் பாதிதான். நம் மின் கட்டணமோ யூனிட் ஏற ஏற மேல் ஸ்லாபுக்குத் தள்ளுகிற கட்டணம்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் ஸ்பீடு பம்ப் இப்போது இங்கேயும் கிடைக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், மின்சாரமோ கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகிவிடும். மோட்டாரின் சொந்த இழப்பு இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு குறையாது, ஆனாலும் நல்ல மிச்சம். அமெரிக்காவில் 2021 ஜூலையில் வந்த விதிக்குப் பிறகு பெரிய பம்புகள் பெரும்பாலும் இந்த வகைக்கு மாறிவிட்டன. பெரிய குளமாக இருந்து, பேக்வாஷுக்கு அதிக வேகமும் மற்ற நேரத்தில் குறைந்த வேகமும் தேவைப்பட்டால் தாராளமாக வாங்குங்கள். எங்களுடையது மாதிரி முக்கால் எச்.பி. குளத்துக்கு, அதுவும் உப்புக்காற்றும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் இருக்கும் இடத்தில், அந்த எலக்ட்ரானிக் போர்டை நம்பி அவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எந்த மாதத்தில் வேலையை வைப்பது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், பிள்ளைகளின் கோடை விடுமுறையும் தொடங்கியிருக்காது. இதில் வசதி மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. ஈ.சி.ஆர். போன்ற மணற்பாங்கான கடலோரத்தில் நவம்பர், டிசம்பரில் நிலத்தடி நீர் தரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் கீழேயிருந்து தண்ணீர் தள்ளும். ஃபைபர் குளம் படகு மாதிரி மேலே எழும்பிவிடும், கான்கிரீட் குளத்தில் தரை விரிசல் விடும். நல்ல வேளையாக, இங்கே சொல்லப்போகும் எந்த வேலைக்கும் குளத்தைக் காலி செய்யத் தேவையில்லை. காலி செய்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

பம்பை மாற்றுவது

முதல் வேலை, மெயின் போர்டில் பம்புக்கான எம்.சி.பி.யை இறக்கி, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி "வேலை நடக்கிறது" என்று எழுதுங்கள். டைமர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். டெஸ்டர் வைத்து மோட்டார் முனையில் கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மின்சாரம் சம்பந்தப்பட்ட இணைப்பை உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று செய்கிற வேலை இது.

இரண்டாவது, உறிஞ்சும் பக்க வால்வுகளையும் திரும்பும் பக்க வால்வையும் மூடுங்கள். நம் ஊர்களில் பம்ப் ரூம் பெரும்பாலும் குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கும். வால்வை மூடாமல் பம்ப் மூடியைத் திறந்தால் குளமே அறைக்குள் இறங்கிவிடும். பழைய பால் வால்வு முழுதாக மூடாமலும் போகலாம், அதனால் மூடியை ஒரேயடியாகக் கழற்றாமல் கொஞ்சமாகத் தளர்த்தி, தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஸ்கிம்மர் வாயிலும் அடி வடிகாலிலும் அடைப்பு போட்டுவிட்டு அந்த வால்வையும் சேர்த்து மாற்றுங்கள்.

பழைய ஒயர் இணைப்பைப் படம் எடுத்துவிட்டு எலெக்ட்ரீஷியன் கழற்றட்டும். யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய குழாய் இணைப்பு) இருந்தால் கையால் சுற்றினாலே பம்ப் வந்துவிடும். யூனியன் இல்லாமல் நேராக ஒட்டியிருந்தால் ஆக்சா பிளேடால் அறுக்க வேண்டும், பம்ப் வாயை ஒட்டி அறுத்து, சுவர்ப் பக்கம் முடிந்தவரை நீளமாகக் குழாயை விட்டு வையுங்கள். மிச்சம் நாலு இஞ்ச் இருந்தால்தான் அடுத்த தடவையும் ஒட்ட முடியும். இந்தத் தடவையே இரண்டு பக்கமும் யூனியன் போட்டுவிடுங்கள்.

புது பம்பை வெறும் தரையில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பம்ப் ரூமில் தண்ணீர் தேங்கும், முதலில் மூழ்குவது மோட்டார்தான். முக்கால் அடியாவது உயரமான கான்கிரீட் மேடை கட்டி, ரப்பர் ஷீட் போட்டு அதன்மேல் போல்ட் அடியுங்கள். உயர்த்தினாலும் குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும், அப்போதுதான் தண்ணீர் தானாக வந்து நிறையும், ஏர் லாக் ஆகாது.

பம்பின் வாய்க்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது நேரான குழாய் இருக்க வேண்டும். 50 மி.மீ. என்றால் 25 செ.மீ. இடம் போதவில்லை என்று வாயிலேயே எல்போவை ஒட்டுகிறார்கள். தண்ணீர் சுழன்றுகொண்டே உள்ளே போய், பம்ப் இரைச்சல் போட்டுச் சீக்கிரம் தேயும். மரை உள்ள இடங்களில் டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கி, அப்புறம் அரைச் சுற்று, அவ்வளவுதான். அது பிளாஸ்டிக், பைப் ரிஞ்சைப் போட்டு பலத்தைக் காட்டினால் வாய் பிளந்துவிடும். ஒட்டும் குழாயை முதலில் ஒட்டாமல் பொருத்திப் பார்த்து, கோடு போட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் துடைத்து, பிறகு சொல்யூஷன் தடவுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓட்டலாம் என்பார்கள். ஒரு நாள் பொறுங்கள்.

மோட்டார் இணைப்பில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பழைய வீடுகளில் இருக்காது, இந்தச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பேரம் பேசவே கூடாத இடம் இது. எர்த் குழி காய்ந்து போயிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயைப் புது மோட்டார் தகட்டில் இருக்கும் ஆம்பியருக்கு வைக்க வேண்டும். பழைய பெரிய மோட்டாருக்கு வைத்த எண்ணிலேயே விட்டால் புது மோட்டார் கருகும்வரை அது ட்ரிப் ஆகாது. த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் சுற்றும் திசையை விசிறிப் பக்கம் பாருங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினாலும் தண்ணீர் வரும், ஆனால் நோஞ்சானாக வரும். இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஓட்டுவதற்கு முன் கூடை நிறையத் தண்ணீர் ஊற்றி மூடி, வால்வுகளைத் திறந்து, பிறகு ஸ்விட்ச். தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே புது சீல் வெந்துவிடும்.

ஃபில்டர் மணல்

மணலின் ஆயுள் சாதாரணமாக 5 முதல் 7 வருடம். நம் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மைக்கு அதற்கும் முன்பே சுண்ணாம்பு படிந்து கட்டி கட்டியாக இறுகிவிடும். நான் திறந்தபோது மேல் அடுக்கைக் கடப்பாரை மாதிரி ஒன்றை விட்டுத்தான் உடைக்க வேண்டியிருந்தது.

பம்பை நிறுத்தி, தொட்டி அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை விடுங்கள். மேலே வால்வைக் கழற்றினால் நடுவில் ஒரு செங்குத்துக் குழாய் தெரியும். அதை ஆட்டாதீர்கள், இழுக்காதீர்கள், அதன் அடியில்தான் சிலந்திக் கால் மாதிரி லேட்டரல்கள் பரவியிருக்கின்றன. மணலை மக்கால் அள்ளுங்கள். கொட்டாங்கச்சியாலும் அள்ளலாம், உலோகக் கரண்டி வேண்டாம். ஈரமான மணல் நீங்கள் நினைப்பதைவிடக் கனம், இரண்டு ஆள் வேண்டும், அரை நாள் ஆகும். அடி தெரிந்ததும் லேட்டரல்களை ஒவ்வொன்றாகக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும் போதும், குளத்தில் மணல் வரும். ஒன்று உடைந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், முழு செட்டாக மாற்றிவிடுங்கள்.

புது மணல் 0.4 முதல் 0.8 மி.மீ. வரை சலித்த சிலிகா மணலாக இருக்க வேண்டும். ஆற்று மணலும் எம்-சாண்டும் ஆகவே ஆகாது, தூசும் களிமண்ணும் கலந்து தண்ணீரைக் கெடுக்கும். 500 மி.மீ. தொட்டிக்கு 85 முதல் 100 கிலோ பிடிக்கும், சரியான அளவும் அடியில் சரளை போட வேண்டுமா என்பதும் தொட்டி மேல் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு மணலைப் போடுங்கள். வெறும் தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் அந்த அடியிலேயே லேட்டரல் உடையும். செங்குத்துக் குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டுக் கொட்டுங்கள், முடிந்ததும் பையை எடுக்க மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், மறந்தவர்களை எனக்குத் தெரியும். வாய் வரை நிரப்பாமல், பேக்வாஷில் மணல் எழும்ப மேலே இடம் விட வேண்டும்.

மணலுக்குப் பதில் கண்ணாடித் துகள் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், கொஞ்சம் நுணுக்கமாக வடிகட்டும், எடையும் குறைவாகத்தான் பிடிக்கும். விலை அதிகம். குளத்தில் தினமும் நாலு பேர் இறங்கினால் யோசிக்கலாம்.

ஃபில்டர் தலையில் இருக்கும், ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ் என்று தண்ணீரின் வழியை மாற்றும் ஆறு நிலை மல்டிபோர்ட் வால்வையும் இதே சாக்கில் திறந்து பாருங்கள். பேக்வாஷ் செய்யாத நேரத்திலும் கழிவுக் குழாயில் தண்ணீர் கசிந்தால், உள்ளே சக்கரக் கம்பி வடிவில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் போய்விட்டது. முழு வால்வை விற்கப் பார்ப்பார்கள், கேஸ்கெட் தனியாகக் கிடைக்கும். அது சீக்கிரம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திருப்புகிறோம்.

குளோரின் போடும் கருவி

மாத்திரை போடும் மிதவையோ, குழாயோடு இணைந்த டப்பாவோ உடைந்திருந்தால் மாற்றுவது சுலபம், எழுத ஒன்றுமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, உயிர் சம்பந்தப்பட்டது. டி.சி.சி.ஏ. (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) என்ற குளோரின் மாத்திரை போட்ட டப்பாவில் கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடரையோ மாத்திரையையோ போடாதீர்கள். இரண்டும் குளோரின்தானே என்று நினைப்போம், ஈரத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். பழைய டப்பாவைக் கழுவிக்கூட மற்றதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஆசிட் கேனையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், கலந்தால் விஷ வாயு.

உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் சால்ட் குளோரினேட்டருக்கு மாறலாமா என்று நானும் யோசித்தேன். தண்ணீரில் 3,000 பி.பி.எம். உப்பு வேண்டும், எங்கள் குளத்துக்கு 135 கிலோ. கண் எரிச்சல் குறைவு, தினமும் அளந்து போடும் வேலை இல்லை. ஆனால் கடினமான போர் தண்ணீரில் அதன் செல்லில் சுண்ணாம்பு படியும், அடிக்கடி கழுவ வேண்டும், செல் சில வருடங்களில் தேய்ந்துவிடும், அது விலை கூடிய பாகம். 304 தர ஸ்டெயின்லெஸ் ஏணி இருந்தால் காவிப் புள்ளி வரும், 316 தரம் தேவைப்படும். டேங்கர் அல்லது மெட்ரோ தண்ணீர் நிரப்புகிறவர்களுக்கு இது சரி. எங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விளக்கு

பழைய குளங்களில் 12 வோல்ட், 300 வாட் ஹாலஜன் விளக்கு இருக்கும். அதே கூட்டில் பொருந்துகிற எல்.இ.டி. 18 முதல் 35 வாட்டுக்குள் கிடைக்கிறது. விளக்குக் கூட்டுக்குள் எப்போதும் தண்ணீர் இருக்கும்படிதான் அமைப்பே. அதனால் குளத்தைக் காலி செய்யாமல், மேல் திருகைக் கழற்றி, கூட்டுக்குள் சுருட்டி வைத்திருக்கும் கேபிளை இழுத்து, விளக்கைக் கரைக்குக் கொண்டுவந்து மாற்றலாம். எம்.சி.பி.யை இறக்கிய பிறகுதான், சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் குளத்தில் 230 வோல்ட் விளக்கு இருந்தால் அது எரிந்தாலும் எரியாவிட்டாலும் இன்றைக்கே துண்டியுங்கள்.

புது எல்.இ.டி. மினுக்மினுக் என்று துடித்தால் விளக்கைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மருக்கு 300 வாட் சுமை பழக்கம், 20 வாட்டுக்கு அது ஒழுங்காக வேலை செய்யாது. விளக்குக்கு ஏ.சி.யா டி.சி.யா என்று பார்த்து அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரைப் போடுங்கள்.

அடி வடிகால் மூடி

யாரும் கண்டுகொள்ளாத, ஆனால் அவசியம் மாற்ற வேண்டிய பொருள். குளத்தின் ஆழத்தில் தட்டையாக ஒரு சல்லடை மூடி இருக்கும். பம்ப் அதன் வழியாக உறிஞ்சும்போது ஒரு குழந்தையின் உடம்பு அதை அடைத்தால், பெரியவர் ஒருவராலும் பிய்த்து எடுக்க முடியாத அளவுக்கு இழுக்கும். அமெரிக்காவில் 2002-ல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி இப்படித்தான் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-ல் அங்கே சட்டம் வந்தது. தட்டை மூடியை எடுத்துவிட்டு, நடுவில் மேடாக இருந்து பக்கங்களில் உறிஞ்சும் வகையைப் போடுங்கள். பிளாஸ்டிக் வெயிலிலும் குளோரினிலும் நொறுங்கும், நல்ல மூடிகளில் எத்தனை வருடம் என்று அச்சிட்டிருப்பார்கள். திருகு ஒன்று காணாமல் போயிருந்தால்கூட அன்றைக்குக் குளத்தில் யாரையும் இறக்காதீர்கள். ஒரே ஒரு வடிகால் உள்ள பழைய குளம் என்றால் அதன் வால்வைக் கொஞ்சமாக மட்டும் திறந்து, ஸ்கிம்மர் வழியாக அதிகம் இழுக்கும்படி வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பெரிய பம்ப் போட்ட அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஓட விட்ட பிறகு

புது மணல் போட்டிருந்தால் முதலில் பேக்வாஷ், பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை, அப்புறம் ஒரு நிமிடம் ரின்ஸ், பிறகுதான் ஃபில்டர் நிலை. அப்போது கேஜ் காட்டும் எண்ணை மார்க்கரால் தொட்டி மேலேயே தேதியோடு எழுதுங்கள். அந்த எண்ணைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறும்போது அடுத்த பேக்வாஷ். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேக்வாஷ் என்று பழக்கம் வைத்திருக்கிறார்கள், தேவையில்லாமல் தண்ணீர்தான் வீணாகும்.

கிளாம்ப் மீட்டரால் மோட்டார் ஆம்பியரை எடுக்கச் சொல்லுங்கள். தகட்டில் இருப்பதற்குக் கீழே இருக்க வேண்டும். வோல்டேஜ் குறையும் சாயங்கால நேரத்தில் இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒட்டிய இடங்களில் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்து ஒரு இரவு விடுங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் தெரிந்துவிடும். பி.எச். 7.2 முதல் 7.6-க்குள், குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்.-க்குள் வந்த பிறகு பிள்ளைகளை இறக்கலாம்.

பழைய மணலைக் கொட்டிவிடாதீர்கள், இன்டர்லாக் கற்களின் இடுக்கை நிரப்ப அருமையாக இருக்கிறது. பழைய மோட்டாரைக் காயலான் கடையில் போடும்போது இரும்பு விலைக்கு மொத்தமாகக் கேட்பார்கள், உள்ளே செம்புக் காயில் இருக்கிறது, அதைத் தனியாக எடை போடச் சொல்லுங்கள். அதே மாடல் பம்பைத்தான் திரும்ப வாங்கினீர்கள் என்றால் பழையதன் மூடி, கூடை, இம்பெல்லர் (உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மூன்றையும் கழற்றி ஒரு சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூடை போன ஆடியில் உடைந்தபோது அந்தச் சாக்கிலிருந்துதான் எடுத்து மாட்டினேன்.